கையைக் கண்டாலே சீறும் காக்டெயிலுக்கு நகம் வெட்டுவது எப்படி?

திருச்சியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிற கேள்வி இது. சுருக்கிச் சொல்கிறேன். வீட்டில் 2 வயது காக்டெயில் ஒன்று, கொண்டை வைத்த சின்னக் கிளி இனம். பெயர் மஞ்சு, மஞ்சளும் வெள்ளையுமான லூட்டினோ வகை. குஞ்சாக வந்த நாளிலிருந்து இவர் தோளில்தான் குடித்தனம். நகம் நீண்டு சேலையில் மாட்டிக்கொள்கிறதே என்று ஒரு பறவைக் கடைக்கு எடுத்துப்போயிருக்கிறார்கள். கடைக்காரர் பின்னாலிருந்து ஒரே அமுக்காகப் பிடித்து, துணியில் சுற்றி, எட்டு நகத்தையும் மடமடவென்று நறுக்கிவிட்டு, கேட்காமலே இறக்கையையும் கத்தரித்துக் கொடுத்திருக்கிறார். இரண்டு விரலில் ரத்தம். அன்றிலிருந்து கையைக் கண்டாலே சீறல். மூலைக்கு ஓடித் தடுமாறிக் கூண்டின் அடியில் விழுகிறது. இரண்டு மாதம் ஆகிவிட்டது, நகம் மறுபடி நீள்கிறது. “இனி நகத்தை எப்படி வெட்டுவது? அது என்னை மன்னிக்குமா?” என்று முடித்திருக்கிறார்.

நகம் வெட்டச் சொல்லிக்கொடுக்கப் பத்து வரி போதும். அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நகத்தை முதலில் முடித்துவிடுவோம், சமாதானம் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று இறங்கினால் இரண்டும் கெட்டுப்போகும், வரிசையை மாற்ற வேண்டும். நான் கால்நடை மருத்துவர் இல்லை. 18 வருடமாகக் காக்டெயில் வளர்க்கிறேன். அதில் 6 வருடம் ஒரு பறவை மருத்துவரிடம் உதவியாளாக இருந்தேன். என் வேலை பெரும்பாலும் பறவையைத் துண்டில் பிடித்துக்கொடுப்பது. பறவைகள் வெறுக்கிற கை எப்படியிருக்கும் என்று கேட்டால் என் கையைக் காட்டுவேன். எது எல்லோரும் ஒப்புக்கொண்டது, எது என் அனுபவம் மட்டும் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

தொடங்குமுன் ஒன்று. இது பயம்தானா, நோயா? கடைக்குப் போன நாளும் குணம் மாறிய நாளும் ஒன்றாக இருப்பதால் பயம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் கிளி இனம் நோயை மறைக்கும். கூட்டத்தில் சோர்ந்து தெரிகிற பறவையைத்தான் பருந்து முதலில் குறிவைக்கும். அதனால் கூண்டின் அடியில் தினமும் புதுச் செய்தித்தாள் விரித்து எச்சத்தைப் பாருங்கள். அளவு குறைந்திருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா, தண்ணீராகப் போகிறதா? பகலில் இறகை உப்பிக்கொண்டு தூங்குகிறதா, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுகிறதா? இதில் எது இருந்தாலும் நான் எழுதியிருப்பதை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஊரில் பறவை பார்க்கிறவர் யாரும் கிடைக்காவிட்டால் அங்கே விசாரிக்கலாம்.

இனி அன்று நடந்ததை மஞ்சுவின் பக்கமிருந்து பாருங்கள். காக்டெயிலின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. காக்கட்டூ குடும்பத்திலேயே சின்னது. கூட்டமாகத் தரையில் இறங்கிப் புல்விதை பொறுக்கும். தரையில் மேய்கிற சின்னப் பறவைக்குச் சாவு மேலிருந்தும் பின்னாலிருந்தும் வரும். அதைப் பார்க்கத்தான் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. வந்தால் பறந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த தற்காப்பு. கடைக்காரர் பின்னாலிருந்து அமுக்கினார், பருந்து பிடிப்பது போலவே. பிறகு வலித்தது. கையிலிருந்து விடுபட்டபோது பறக்கவும் முடியவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. நெஞ்சைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால் வாய் திறந்திருந்தாலும் மூச்சு ஓடாது. கடையில் அப்படிப் பிடித்தாரா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவசரக்காரர்கள் பெரும்பாலும் அப்படித்தான் பிடிக்கிறார்கள்.

ஆகவே மஞ்சு சீறுவதில் கோபமோ வன்மமோ ஒன்றும் இல்லை. ஒரு பாடத்தை ஒரே தடவையில் படித்துவிட்டது. உயிர் போகிற பாடத்தை இரண்டாம் தடவை படிக்க வாய்ப்பில்லாத இனங்கள் அப்படித்தான் படிக்கும். உங்கள்மேல் அது வழக்கு எதுவும் போடவில்லை, மன்னிப்பதற்கு. கை வந்தால் ஆபத்து வரும் என்று தெரிந்துகொண்டிருக்கிறது. அந்தப் பழைய பாடம் அழியாது என்பது உறுதியான விஷயம். எலியிலிருந்து மனிதர்வரை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். புதுப் பழக்கம் அதன்மேல் படியும், அவ்வளவுதான். ஆறு மாதம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது, காற்றில் கதவு படீரென்று அடித்த ஒரு நாளில் பழைய சீறல் வரும். வந்தால் எல்லாம் வீணாய்ப்போயிற்று என்று அழ வேண்டாம். இரண்டு படி இறங்கி மறுபடி ஏறினால் இந்தத் தடவை சீக்கிரமே ஏறிவிடும்.

முதலில் விழுவதை நிறுத்துங்கள். நகம்போல வெட்டிய இடத்திலிருந்து இறகு வளராது. மிச்சமிருக்கும் கட்டை, இறகு உதிர்க்கும் பருவத்தில் தானாக விழுந்து, புதுக் குருத்து வந்தால்தான் உண்டு. ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். புதுக் குருத்துக்குள் ரத்தம் ஓடும். துணைக்குப் பக்கத்தில் முழு இறகு இல்லாததால் அது தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். விழுந்தால் ஒடியும், ஒடிந்தால் ரத்தம் வரும். அதனால் உட்காரும் குச்சிகளை எல்லாம் கீழே இறக்குங்கள். அடித்தட்டில் செய்தித்தாளுக்குக் கீழே பழைய துண்டை மடித்துப் போடுங்கள். ராத்திரியில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியட்டும். இருட்டில் ஏதோ சத்தம் கேட்டுத் திடுக்கிட்டுக் கூண்டுக்குள் அடித்துக்கொள்வது காக்டெயிலுக்கென்றே உள்ள வியாதி. லூட்டினோவுக்கு அது கூடுதல் என்று வளர்க்கிறவர்கள் சொல்வார்கள். நானும் அப்படிப் பார்த்திருக்கிறேன், ஆனால் நிரூபணமான சங்கதி என்று சொல்ல மாட்டேன்.

இறக்கையை இனி வெட்ட வேண்டாம் என்பது என் கருத்து. வெட்டத்தான் வேண்டும் என்கிற அனுபவசாலிகளும் இருக்கிறார்கள். சுற்றுகிற மின்விசிறியும் திறந்த ஜன்னலும் உள்ள நம் வீடுகளில் அவர்கள் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. நான் விசிறியை நிறுத்தி, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, பறக்கவிடுகிற கட்சி. பயந்த பறவையின் இறக்கையை வெட்டினால் பயம் குறையும் என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓட முடியாததால் நிற்கும், நமக்கு அது அடங்கிவிட்டது போலத் தெரியும். ஓட முடியாத பறவைக்கு மிஞ்சுவது அலகுதான்.

சரி, கைக்கு வருவோம். காக்டெயில் வளர்ப்பவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு, பறவையின் மனசு தலைக்குமேலேயே நீட்டிக்கொண்டிருக்கும். கொண்டை செங்குத்தாக நின்று உடம்பு ஒடுங்கியிருந்தால் திகில், இப்போதே பறந்துவிடப் போகிறது என்று அர்த்தம். கொண்டை தலையோடு தலையாக ஒட்டிப்போய் வாய் திறந்து சீறினால், இதற்குமேல் வந்தால் கடிப்பேன். பாதி சாய்ந்து, நுனி மட்டும் லேசாக மேலே வளைந்திருந்தால் பிரச்சினை இல்லை. ஒற்றைக் காலை மடக்கிக்கொண்டு அலகை நறநறவென்று அரைத்தால் நீங்கள் அங்கே இருப்பதையே அது மறந்துவிட்டது. அதைவிட நல்ல செய்தி கிடையாது. முதல் ஒரு வாரம் வேறெதுவும் செய்யாமல் இந்தக் கொண்டையை மட்டும் பார்த்துப் பழகுங்கள் என்பேன். சீறியபிறகு கையை எடுப்பது தாமதம், கொண்டை எழும்பும்போதே நின்றுவிட வேண்டும்.

கூண்டை நோக்கி நேராகப் போகாமல் சற்றுச் சாய்வாக, மெதுவாக நடந்து பாருங்கள். ஏதோ ஒரு இடத்தில் கொண்டை விறைக்கும். தரை டைல்ஸ் இதற்கு நல்ல அளவுகோல். கூண்டிலிருந்து எண்ணி நான்காவது டைலில் விறைத்தது என்றால் உங்கள் இடம் ஐந்தாவது டைல். அங்கே ஒரு மனையைப் போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆயுங்கள். மஞ்சுவைப் பார்க்காதீர்கள், இரண்டு கண்ணாலும் உற்றுப் பார்ப்பது வேட்டையாடுகிற பிராணியின் வேலை. உங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருங்கள், ஆய்ந்து முடித்ததும் ஒரு கொத்தைக் கூண்டில் செருகிவிட்டுப் போய்விடுங்கள். செருகிவிட்டு, தின்கிறதா என்று முகத்தை நீட்டிக் காத்திருப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. நீங்கள் விலகிப் போவது இப்போதைக்கு அதற்குக் கீரையைவிடப் பெரிய சன்மானம். கை வந்தது, நல்லது ஒன்று வந்தது, கை போய்விட்டது. இப்படி நூறு தடவை நடந்தால் கையின் அர்த்தம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும்.

அடுத்தது தினைக்கதிர். வெளிநாட்டுப் பறவைக் கடைகளில் பகட்டான உறையில் போட்டு விற்கிற பொருள் நம் தினைதான். பழைய பாட்டுகளில் தினைப்புனத்துக்கு வந்த கிளிகளைக் குறிஞ்சி நிலத்துப் பெண்கள் பரண்மேல் உட்கார்ந்து விரட்டிக்கொண்டே இருப்பார்கள். நாம் அதே கதிரைக் காட்டி வா வா என்று கெஞ்சுகிறோம். தீவனக் கிண்ணத்திலிருந்து தினையை மட்டும் எடுத்துவிடுங்கள். இனி தினை என்றால் உங்கள் கையிலிருந்து மட்டும்தான். மற்றத் தீவனம் வழக்கம்போல நிறைய இருக்கட்டும். முழுக் கதிர் ஒன்றை அடியில் பிடித்து, நுனியை மட்டும் கம்பிக்குள் நீட்டுங்கள். உங்கள் விரலுக்கும் அதன் அலகுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். முதல் நாள் வராது. நாலாம் நாளோ பத்தாம் நாளோ கழுத்தை மட்டும் நீட்டி, கால்கள் பின்னாலேயே நிற்க, ஒரு மணியைக் கொத்திவிட்டுச் சட்டென்று பின்வாங்கும். அந்த நொடியில் கை அசையக் கூடாது, “தின்னுட்டியா கண்ணு” என்று கூவவும் கூடாது. மூன்று நான்கு மணி தின்றதும் நீங்களாகவே கதிரை எடுத்துக்கொண்டு விலகுங்கள். அதற்கு இன்னும் ஆசை இருக்கும்போதே முடிப்பது இதில் பாதி வித்தை. பிறகு கதிரை வாரத்துக்கு ஒரு விரற்கடையாகக் குறைத்துக்கொண்டே வந்தால், ஒரு நாள் விரல்மேலேயே அலகு படும்.

கிளி ஜோசியக்காரரைப் பார்த்திருப்பீர்கள். கூண்டுக் கதவு திறந்ததும் கிளி தானாக நடந்துவந்து, ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்து, ஒரு நெல்லை வாங்கிக்கொண்டு, தானாகவே உள்ளே போய்விடும். நல்லது கிடைத்த செயலைப் பிராணி திரும்பச் செய்யும் என்ற உண்மைக்கு அதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. இதைச் சொன்னதால் அந்தத் தொழிலுக்கு நான் ஆதரவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊர்ப் பச்சைக்கிளிகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மரத்தடி ஜோசியருக்கும் அது பொருந்தும், இதைப் படித்துக்கொண்டு வீட்டில் பச்சைக்கிளி வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும். மஞ்சு வெளிநாட்டு இனம் என்பதால் உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

கதிரில் தேறியதும் ஒரு ஐஸ்கிரீம் குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். குச்சி நுனியை அலகால் தொட்டால் ஒரு தினை. இரண்டு மூன்று நாளில் விஷயம் பிடிபட்டுவிடும். அப்புறம் குச்சி எங்கே போகிறதோ அங்கே மஞ்சுவும் போகும்: இந்தக் கம்பிலிருந்து அந்தக் கம்புக்கு, கூண்டிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து தராசின்மேல். ஒரு கிராம் வரை காட்டுகிற சமையலறைத் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நல்ல காக்டெயில் சுமார் 80 முதல் 110 கிராம் இருக்கும். காலையில் தீவனத்துக்கு முன் எடை பார்த்து எழுதி வாருங்கள். வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவர். குச்சியின் பெரிய நன்மை, பறவையை இழுக்காமல் தள்ளாமல் நகர்த்தலாம். வர விருப்பமில்லையென்றால் வராது, அந்த இஷ்டத்தை அதற்கு விட்டுவிடுவதுதான் மருந்து. ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1977-இல் ஒரு கடையில் வாங்கி முப்பது வருடம் பழக்கிய அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, பாடம் சலித்துவிட்டால் திரும்பிப் போகணும் என்று ஆங்கிலத்திலேயே சொல்லும். மஞ்சு அதையே கொண்டையால் சொல்கிறது.

நான் கெடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். சாம்பல் நிறக் காக்டெயில் ஒன்று வேறு வீட்டிலிருந்து என்னிடம் வந்தது, கையென்றால் ஆகாது. ஐந்து மாதம் மேலே சொன்னபடியே பழக்கினேன். கையிலேயே உட்கார்ந்து தின்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் விருந்தாளிகள், கதவைத் திறந்தாக வேண்டும், இது அலமாரிமேல் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. பொறுமையில்லாமல் மேலிருந்து ஒரே கவ்வாகப் பிடித்துக் கூண்டில் போட்டேன். அதற்குமேல் ஏழு மாதம் என் கைக்கு வரவில்லை. என் மனைவி கைக்கு மறுநாளே வந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் இந்த ஒரு சட்டத்தை இன்றே சொல்லிவிடுங்கள்: அவசரம் என்று மஞ்சுவை யாரும் கையால் பிடிக்கக் கூடாது. கீழே இறக்கியாக வேண்டுமென்றால் கதிரைக் காட்டுங்கள், இல்லை வாசலில் இருப்பவர்கள் ஐந்து நிமிடம் நிற்கட்டும்.

உங்களுக்கு இதற்குள் வேறு இரண்டு யோசனைகள் வந்திருக்கும். ஒன்று, பட்டினி போட்டால் கைக்கு வரும் என்பது. காக்டெயில் அளவு உடம்புக்குள் சேமிப்பு மிகக் குறைவு. ஒரு நாள் சரியாகத் தின்னாவிட்டாலே ஆபத்து, இதை விளையாட்டுக்கும் செய்யாதீர்கள். இன்னொன்று, தினமும் துண்டில் பிடித்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டேயிருந்தால் பழகிவிடும் என்பது. சில பறவைகள் அப்படி அசையாமல் கிடக்கும், உண்மைதான். மருத்துவரின் மேசைமேல் அப்படிக் கிடந்தவற்றை நூற்றுக்கணக்கில் பிடித்திருக்கிறேன். எதிர்த்துப் பயனில்லை என்று விட்டுவிட்ட பறவையும் அசையாமல்தான் கிடக்கும். கையை எடுத்ததும் எங்கே போகிறது என்று பாருங்கள், விஷயம் தெரிந்துவிடும்.

இப்போது நகம். முதலில், அது வெட்டும் அளவுக்கு நீண்டிருக்கிறதா? சமதளத்தில் நிற்கும்போது விரலின் அடிப்பாகம் தரையில் பதிந்திருந்தால் அவசரமே இல்லை. நகம் தரையில் முட்டி விரலையே தூக்கினால், அல்லது அரைவட்டத்தைத் தாண்டிச் சுருண்டால் நீளம். கூண்டோடு வருகிற ஒரே பருமனான வழவழப்புக் குச்சிகளைக் கழற்றிவிட்டுக் கொய்யாக் கிளையும் வேப்பங்கிளையும் பட்டையோடு கழுவிக் காயவைத்துக் கட்டுங்கள், ஒன்று தடிமனாக, ஒன்று மெல்லியதாக. ஏறி இறங்கும்போதே நகம் கொஞ்சம் தேயும், பட்டையை உரிப்பது அதற்குப் பொழுதுபோக்கு. சொரசொரப்பான சிமெண்டுக் குச்சி ஒன்று தண்ணீர்க் கிண்ணத்துக்கு முன்னால் போதும். உப்புத்தாள் சுற்றிய குச்சி வேண்டாம், நகத்தை விட்டுவிட்டு உள்ளங்காலைப் புண்ணாக்கும். பாதிப் பேருக்கு இதோடு நகப் பிரச்சினை முடிந்துவிடுகிறது. இது என் கணக்கு, ஆராய்ச்சிக் கணக்கு இல்லை.

அப்படியும் நீண்டால் கத்தரி வேண்டாம், அரம். பெண்கள் நகம் தேய்க்க வைத்திருக்கும் அட்டை அரம் போதும். முதலில் அரத்தை ஐந்தாவது டைலில் இருந்து காட்டுவது, ஒரு தினை. அப்புறம் கூண்டுக்குப் பக்கத்தில். கையில் உட்காரும் நாள் வந்தபின் அரத்தால் காலை லேசாகத் தொட்டுவிட்டு ஒரு தினை. அப்புறம் ஒரே ஒரு நகத்தில் ஒரே ஒரு இழுப்பு. நாளைக்கு இரண்டு. எட்டு நகத்தையும் ஒரே நாளில் முடிக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. நாளுக்கு ஒரு நகம் என்றால் எட்டு நாள், அதற்குள் முதல் நகம் ஒன்றும் வளர்ந்துவிடாது. உங்களுக்கு இன்னொரு சௌகரியம், லூட்டினோவின் நகம் வெளிர் நிறம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடும். அதுதான் ரத்தமும் நரம்பும். அந்தக் கோடு முடிகிற இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிட வேண்டும். கடைக்காரர் இரண்டு விரலில் அதைத் தாண்டிவிட்டார். கறுப்பு நகமுள்ள பறவை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கோடு தெரியாது, அவர்கள் நுனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

ரத்தம் வந்துவிட்டால்? கார்ன்ஃப்ளோர் மாவை ஒரு சிட்டிகை நகத்தின் நுனியில் வைத்து ஒன்றிரண்டு நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிடும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் கணக்கு இதுதான்: பறவையின் ரத்தம் உடல் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. 90 கிராம் மஞ்சுவுக்கு 9 மில்லி. ஆரோக்கியமான பறவை அதில் பத்தில் ஒரு பங்கு இழந்தாலும் தாங்கும், ஏறக்குறைய 1 மில்லி, அதாவது இருபது சொட்டு வரை. செய்தித்தாளில் நாலு சொட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டால் வண்டியை எடுங்கள்.

பழக்கமெல்லாம் முடியும்வரை காத்திருக்க முடியாத நிலையும் வரலாம். நகம் சுருண்டு தோலில் குத்துகிறது, இல்லை கம்பியில் மாட்டிப் பிய்ந்துவிட்டது. அப்போது துண்டுதான் வழி, ஆனால் பிடிக்கிற ஆள் நீங்களாக இருக்க வேண்டாம். மருத்துவரோ பழகிய வேறொருவரோ பிடிக்கட்டும். முடிந்தபின் அறைக்குள் வந்து கதிரைக் கொடுக்கிற கை மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். இது கொஞ்சம் சூதுதான், தெரியும், ஆனால் பலிக்கிறது. பிடிக்கும் முறை: கட்டைவிரலும் நடுவிரலும் தாடைக்குக் கீழே கழுத்தைச் சுற்றி வளையமாக, ஆள்காட்டி விரல் உச்சந்தலையில். பறவையின் மூச்சுக்குழாய் முழு வளையங்களால் ஆனது, அதனால் மென்மையான கழுத்துப் பிடி மூச்சை அடைக்காது. நெஞ்சில் துண்டு தளர்வாகப் போர்த்தியிருக்கும், அழுத்தம் கூடவே கூடாது. வாயைத் திறந்து இரைத்தால் பாதி நகத்தில் இருந்தாலும் விட்டுவிட வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்துக்குமேல் நான் யாரையும் பிடிக்கவிட்டதில்லை. இந்த ஒரு நாளுக்காகவே துண்டையும் முன்கூட்டிப் பழக்கி வைக்கலாம்: மேசையில் துண்டை விரித்து அதன்மேல் தினை தூவுங்கள். துண்டு என்பது சாப்பிடும் இடமாக இருந்து ஒரு நாள் மட்டும் வேறாக மாறுவதை மஞ்சு தாங்கிக்கொள்ளும்.

அலகை நீங்களும் கடைக்காரரும் தொடவே வேண்டாம். நல்ல பறவையின் அலகு தானாகத் தேய்ந்துகொள்ளும், மேல்தோல் செதிலாக உதிர்வதும் இயல்பு. அளவுக்கு மீறி வளர்ந்தால் ஈரல் கோளாறோ தீவனக் குறையோ இருக்கலாம், அது அரம் வேலை இல்லை. குளியல் மட்டும் நன்மையே செய்யும். காக்டெயில் உடம்பில் மாவு போலப் பொடி உதிரும், வாரத்தில் சில நாள் அகலமான தட்டில் தண்ணீர் வைத்துவிட்டு ஒதுங்குங்கள். தெளிப்பானை நேராகக் காட்டி அடிக்காதீர்கள், உங்கள் பறவைக்கு இப்போது அது துப்பாக்கி.

எத்தனை நாள் ஆகும் என்று நேரில் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. மூன்று வாரத்தில் திரும்பியதையும் பார்த்திருக்கிறேன், ஒரு வருடம் தாண்டியதையும் பார்த்திருக்கிறேன். கையால் வளர்ந்து, இரண்டு வருடம் தோளில் இருந்த பறவைக்கு நல்ல ஞாபகங்களும் நிறைய இருக்கும். அதனால் உங்கள் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை அதிகம். மறுபடி தோளுக்கே வருமா, கைவரைதான் வருமா என்பது மஞ்சு முடிவு செய்வது. கைக்கு வந்தும் தோளுக்கு ஏறாமலே சந்தோஷமாக இருந்த பறவைகள் என் வீட்டிலேயே உண்டு.

ஒரு அடையாளம் மட்டும் சொல்கிறேன். அடுத்த தடவை இறகு உதிர்க்கும்போது தலையிலும் கழுத்திலும் புதுக் குருத்துகள் சின்னச் சின்ன முள்போல வெள்ளை உறையோடு முளைக்கும். உடம்பில் மற்ற இடமெல்லாம் அலகு எட்டும், தலைக்கு எட்டாது. காட்டில் ஜோடிப் பறவை கோதிவிடும். வீட்டில் தனியாக இருப்பதற்கு அரிக்கும், கம்பியில் தேய்த்துக்கொள்ளும். அப்படி ஒரு சாயங்காலம் நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, மஞ்சு கம்பியோரம் வந்து கொண்டையைத் தாழ்த்தி, பிடரியை உங்கள் பக்கம் குனிந்து காட்டிக்கொண்டு நிற்கும். ஒற்றை விரலை நீட்டி, நன்றாக முற்றிக் காய்ந்த உறையை மட்டும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெல்ல உருட்டினால் தூளாக உதிரும். இளங்குருத்தை அழுத்திவிடாதீர்கள், வலிக்கும். அது போதும் என்று தலையைத் தூக்கும்போது நிறுத்திவிடுங்கள். பக்கத்திலேயே அரம் இருந்தாலும் அன்றைக்கு அதை எடுக்க வேண்டாம்.